கையை அறிவது மூளையே

வாசகரே, கண்களை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் வலது கை எங்கே இருக்கிறது, விரல்கள் மடங்கியுள்ளனவா, நீண்டுள்ளனவா என்று பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள். தோலும் தசையும் மூட்டும் அனுப்பும் செய்திகளைக் கொண்டு மூளை தனக்குள் ஒரு கையை அமைத்து வைத்திருக்கிறது. 'என் கை' என்று நாம் உணர்வது அதைத்தான். இதை விளக்கும் வரலாறு ஒன்று சத்துவாச்சாரிக்கு அருகிலேயே, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்தது.

1914-இல் பிறந்த ஆங்கில அறுவை மருத்துவர் பால் பிராண்டு 1946-இல் இக்கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று அந்நாளில் பலரும் நம்பினர். பிராண்டு வேறொன்றைக் கண்டார். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க இயலவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கோ வலியே தெரியவில்லை! நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கிறது, செய்தி நின்றுவிடுகிறது, மூளை அந்தக் கையைக் காக்கத் தவறுகிறது. கவனிப்பாரற்ற காயங்களே விரல்களைக் குறைக்கின்றன. நோயாளிகள் தம் கையை ஏதோ ஒரு கருவிபோலப் பேசியதையும் அவர் குறித்துள்ளார்.

முடங்கிய கைகளை 1948 முதல் அவர் அறுவை மருத்துவத்தால் சீர்செய்தார். மோதிர விரலை மடக்கும் தசைநாண் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் பொருத்துவது அவற்றுள் ஒரு முறை. முதலில் நோயாளி மோதிர விரலை மடக்க நினைப்பார், கட்டைவிரல் அசையும்! நாளடைவில் மூளை புதிய கணக்கைக் கற்றுக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறான விந்தையும் உண்டு. கையை இழந்தவர் பலருக்கு, இல்லாத கை இருப்பதுபோலவே தோன்றும், வலிக்கவும் செய்யும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் 1990-களில் அமெரிக்காவில் இவர்களை ஆராய்ந்தார். நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு கண்ணாடியை நிறுத்தினார். கண் தந்த செய்தியை மூளை ஏற்றது. சிலருக்கு இறுகிய 'கை' விரிந்தது, வலியும் தணிந்தது.

நரம்பின் குறையைக் கண் ஓரளவு ஈடுசெய்யும். ஆகவேதான், உணர்ச்சியற்ற கைகால்களைத் தினமும் கண்ணால் பார்த்துச் சோதிக்குமாறு நோயாளிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் வீட்டில் அத்தகைய பெரியவர் இருந்தால், இன்றிரவே அவருடைய பாதத்தைப் பாருங்கள். அங்கே முள் தைத்திருந்தாலும் அவருடைய மூளைக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.