ரோலருக்கு இடும் கொழுந்து

அரைக்கும் இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் அரைக்கும் பாகத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கல் போய் இரும்பு வந்தது, மாடு போய் நீராவி வந்தது என்று கதை நகரும். அரைபடும் பொருள் எந்த அளவில், எந்த வேகத்தில் உள்ளே போனது என்று யாரும் கேட்பதில்லை. குரக்கன் திரிகையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு கை சுற்ற மறு கை பிடிபிடியாகக் குழியில் இடும். கூட இட்டால் தானியம் பாதி உடைந்து வெளியே வரும், குறைய இட்டால் கல்லோடு கல் உரசும். 1870களில் ஐரோப்பிய மாவாலைகள் கல்லைக் கைவிட்டு உருளைக்கு மாறியபோதும் சிக்கல் மாறவில்லை. புடாபெஸ்டின் கான்ஸ் ஆலையில் மெக்வார்ட் கடின இரும்பு உருளைகளை உருவாக்கிய அதே காலத்தில், அவற்றுக்கு மேலே மெல்லச் சுழலும் சிறிய ஊட்டு உருளையும் இன்றியமையாததாயிற்று. கூம்புத் தொட்டியின் அடியிலிருந்து கோதுமையை எடுத்து, பெரிய உருளையின் முழு நீளத்துக்கும் மெல்லிய திரைபோல் விழச் செய்வதுதான் அதன் வேலை. அது சரியாக நடக்காவிட்டால் உருளையின் ஒரு பகுதி தேய்ந்துபோகும், மறு பகுதி சும்மா சுற்றும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ரொட்டிக்குப் பிசையும் கோதுமை மா, 1980 முதல் இயங்கும் திருகோணமலை பிரிமா ஆலையில் இப்படியொரு திரையாக விழுந்துதான் மாவாகிறது. ஊவா மாகாணத்தில் பதுளையைச் சுற்றிய தோட்டங்களிலோ இதே கேள்வி முதலில் கோப்பிப் பழத்தோடும் பிறகு தேயிலைக் கொழுந்தோடும் எழுந்தது. கோப்பிக்கு விடை எளிதாகக் கிடைத்தது. தேயிலைக்கு நெடுங்காலம் எந்த இயந்திரமும் விடை தரவில்லை. கட்டடமும் கடிகாரமும் ஆட்களும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்தார்கள். ஊவாத் தோட்டங்களின் அமைப்பையே இந்த வேறுபாடு பெருமளவு தீர்மானித்தது என்பதுதான் இங்கே என் வாதம்.

கோப்பியிலிருந்து தொடங்குவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பதுளை, ஹப்புத்தளை, மடுல்சீமை மலைகளில் காடு வெட்டிப் போட்டது கோப்பிக்காகத்தான். அன்றைய தோட்டத்தின் முதன்மை இயந்திரம் பழத்தின் சதையை உரிக்கும் பல்ப்பர். செப்புத் தகட்டில் வரிசையாகக் குத்தி எழுப்பிய பற்களைக் கொண்ட ஓர் உருளை சுழலும். அதன் எதிரே அசையாத இரும்புச் சட்டம் ஒன்று நிற்கும். இடைவெளியில் பழம் பிதுங்கி, கொட்டை ஒரு பக்கமும் தோல் மறுபக்கமும் பிரியும். இடைவெளி கொஞ்சம் குறுகினாலும் கொட்டை நசுங்கும். ஜோன் வாக்கர் 1854இல் கண்டியில் தொடங்கிய பட்டறையின் பிழைப்பே இத்தகைய கோப்பி இயந்திரங்களைச் செய்வதும் பழுது பார்ப்பதும்தான். இந்த இயந்திரத்துக்குப் பழம் இடுவது பெரிய பாடாக இருக்கவில்லை. பழத்தைக் கொட்டும் மாடி மேலே, பல்ப்பர் கீழே. ஓடையிலிருந்து திருப்பிய தண்ணீர் பழத்தை உருட்டிக்கொண்டு வந்து சேர்க்கும். உரிபடாமல் தப்பிய பழத்தைச் சல்லடை பிடித்துத் திரும்ப மேலே அனுப்பும். கோப்பிப் பழம் உருண்டையானது, ஏறத்தாழ ஒரே அளவானது, தண்ணீரோடு தானாகவே ஓடக்கூடியது. சுருக்கமாகச் சொன்னால், அது கோதுமையைப் போல நடந்துகொண்டது. உரித்துக் கழுவிக் காயவைத்த பிறகு அது மாட்டுவண்டியில் நாள்கணக்காகக் கொழும்புக்குப் போனாலும் கெடாது. ஆகவே தோட்டத்துக்கு ஆள்பலம் அறுவடைக் காலத்தில்தான் தேவைப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த ஆட்களில் பெரும்பகுதியினர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள்.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி கண்டார்கள். இலங்கையில் இலைத்துரு நோய் முதலில் பதிவான இடம் அதுதான். அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி ஒழிந்து, தேயிலை அந்த நிலத்தைப் பிடித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டதும், 1872இல் அங்கே உருட்டும் இயந்திரம் ஒன்றை அமைத்ததும், அதே காலத்தில் அசாமில் வில்லியம் ஜாக்சன் உருவாக்கிய ரோலர் இங்கிலாந்தின் மார்ஷல் கம்பனி வழியாக உலகெங்கும் பரவியதும் பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்தக் கதை விட்டுவிடும் ஒரு சங்கதி உண்டு. வாடிய கொழுந்து ஓடாது. ஒன்றோடொன்று பின்னி, ஈரப்பசையோடு, குறுகலான எந்த வாயிலும் பாலம்போல் அடைத்துக்கொள்ளும். ஊட்டு உருளையோ தண்ணீர்க் குழாயோ அதனிடம் எடுபடாது. கோப்பி ஸ்டோர், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலை, கையாண்ட தொழில்நுட்பத்தில் அரைக்கும் பாகத்துக்கு மாற்று கிடைத்தது; ஊட்டும் பாகத்துக்குக் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். ஜாக்சன் ரோலர் தொடர்ந்து ஓடும் இயந்திரமல்லவே, ஒரு முறை நிரப்பி, அரைமணி நேரம் ஓட்டி, கொட்டிவிடுவது. அதில் ‘சீராக இடுதல்’ என்ற பேச்சுக்கே இடமில்லை என்பார்கள். ரோலரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்த மறுப்பு நிற்காது. பித்தளையோ மரமோ பதித்த வட்ட மேசை; அதன்மேல் பிறைவடிவச் சட்டங்கள், நடுவில் ஒரு கூம்பு; மேசைமேல் அடியில்லாத பெரிய உருளைப் பெட்டி ஒன்று நிமிடத்துக்கு நாற்பது சுற்றுக்கு மேல் வட்டமிடும்; மேலிருந்து ஒரு மூடி திருகாணியால் இறங்கி அழுத்தும். 46 அங்குல ரோலர் ஒன்றுக்கு முந்நூறு கிலோ அளவுக்கு வாடிய கொழுந்து வேண்டும். குறைந்தால் கொழுந்து தன்னோடு தானே உராயாமல் மேசையில் வழுக்கும், முறுக்கு ஏறாது. கூடினால் நடுவில் உள்ளது புரளாமல் சூடேறி, நிறம் மங்கிய தேயிலையாகும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு ரோலரும் கொட்டியது அடுத்ததாக ஒரே சல்லடை இயந்திரத்துக்குப் போகிறது. இரண்டு ரோலர் ஒரே நேரத்தில் கொட்டினால் சல்லடை திணறும், ஒன்று காத்திருக்கும், காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதன் நொதிப்பு ஓடிக்கொண்டிருக்கும். முதல் தூள் ஒரு குணத்திலும் இரண்டாம் தூள் இன்னொரு குணத்திலும் வருவது அப்படித்தான். எனவே தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ரோலர்களைப் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்குவார். மாவாலையில் ஊட்டு உருளை செய்த வேலையை இங்கே சுவர்க் கடிகாரம் செய்தது.

கட்டடமும் அதற்கு உடந்தை. ஹப்புத்தளை பக்கம் 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதன்னை முதல் பசறை, நமுனுகுல வரை, சன்னல் சன்னலாகத் திறந்த மூன்று நான்கு மாடித் தகரக் கட்டடங்களைத்தான் ஊவாவின் அடையாளமாகப் படம் பிடிக்கிறார்கள். மேல்மாடிகளில் சாக்குத் துணி கட்டிய தட்டுகளில் கொழுந்தை மெலிதாக விரித்து வாட்டினார்கள்; பின்னாளில் விசிறி வைத்த நீண்ட தொட்டிகள் அந்த இடத்துக்கு வந்தன. காற்றுக்காகத்தானே மாடி, அதற்கும் ரோலருக்கு இடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். காற்றுதான் முதல் காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாடியின் தரையில் ரோலருக்கு நேர்மேலே ஒரு வாயில் வெட்டி, அதிலிருந்து துணிக்குழாய் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். வாட்டிய கொழுந்தை நிறுத்து, வாயிலருகே கூட்டி, காலாலும் கையாலும் தள்ளிக் குழாய்க்குள் இறக்கினால் அது ஓடும் ரோலரின் பெட்டிக்குள் விழும். அதாவது மேல்மாடி முழுவதுமே ஒரு கூம்புத் தொட்டியாக வேலை செய்தது. மாவாலையில் சில அடி உயரமுள்ள இரும்புப் பாகம் செய்ததை இங்கே ஒரு கட்டடம் முழுதாக நின்று செய்தது.

ஊவாத் தேயிலையின் பெருமை இதிலெல்லாம் இல்லை, கச்சான் காற்றில்தான் இருக்கிறது என்பது வியாபாரிகளிடம் வேரூன்றிய நம்பிக்கை. ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேல் மழை மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் கொட்டித் தீர்ந்துவிட, இப்பக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. கொழுந்து மெதுவாக வளர்ந்து, புதினாவை நினைவூட்டும் அந்த வாசம் ஏறுகிறது. அது உண்மை. ஆனால் அதே காற்றுதான் வாட்டத்தைக் குலைப்பதும். காற்று வீசும் பக்கத்துத் தட்டு சில மணி நேரத்தில் சருகாகிவிடும். உள்பக்கம் இன்னும் பச்சையாகவே இருக்கும். இரண்டையும் ஒரே ரோலரில் இட்டால் சருகு உடைந்து தூளாகும், பச்சை சாறு கக்கும். எந்தத் தட்டு முதலில் இறங்க வேண்டும், எதை எதோடு கலக்கலாம், நள்ளிரவுக்குப் பின் குளிர்ந்த நேரத்தில் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று கொழுந்தைக் கையில் பிடித்துப் பார்த்து முடிவு செய்தவர்கள் இல்லாவிட்டால், காற்று தந்த வாசம் கொழும்பு ஏலம்வரை போய்ச் சேர்ந்திருக்காது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் வாட்டத்துக்கு அளவுகள் வகுத்தது. அளவு வகுத்தபின்னும் கொழுந்தைத் தள்ளியது ஆள்தான்.

தொடர்ந்து ஓடும் இயந்திரம் வராமலில்லை. 1930 வாக்கில் அசாமின் அம்குரி தோட்டத்தில் மக்கெர்ச்சர் உருவாக்கிய, கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி, கோதுமை உருளை ஆலையின் நெருங்கிய உறவு. பல் வெட்டிய இரண்டு உருளைகள். ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு வேகமாகச் சுழலும். அங்கே ஊட்டும் பிரச்சினை தன் பழைய வடிவிலேயே திரும்பி வந்தது. பட்டியில் வரும் கொழுந்தை உருளையின் முழு நீளத்துக்கும் ஒரே கனத்தில் பரப்பாவிட்டால் நடுப்பல் மழுங்கும், ஓரத்தில் கொழுந்து வெட்டுப்படாமல் நழுவும். 1950களின் பிற்பகுதியில் டொக்லாய் ஆராய்ச்சி நிலையத்தில் மக்டியர் அமைத்த ரோட்டர்வேனும் அப்படித்தான்: கிடைமட்டக் குழாய், உள்ளே சுழலும் தகடுகள், எதிரே அசையா முனைகள், கடைவாயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. உள்ளே போவது ஏறி இறங்கினால் உள்ளழுத்தமும் ஏறி இறங்கும். தேங்கிய கொழுந்து சூடாகும். ஊவா ரோட்டர்வேனை ஏற்றது, சிடிசியைப் பெரும்பாலும் தள்ளிவைத்தது. பழைமைப் பிடிவாதம் என்று இதைச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிடிசி நிறமும் சாயமும் நிறையத் தரும். ஊவா விற்பதோ பருவ வாசம். முதலில் ரோலரில் குறுகிய உருட்டு, பிறகு சல்லடையில் மிஞ்சிய பருவட்டு மட்டும் ரோட்டர்வேனுக்கு என்ற கலப்பு முறையில், கையால் ஊட்டும் நுட்பம் முன்பாதியிலும் பட்டி ஊட்டும் வசதி பின்பாதியிலும் நின்றன. விலைக்கணக்கு தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

இனி ஆட்கள் பக்கம். நெல்லோ கோதுமையோ அறுவடை ஒரு மாதத்தில் முடிந்தாலும் களஞ்சியத்தில் கிடக்கும். ஆலை ஆண்டு முழுக்க ஒரே சீராக ஓடலாம். பச்சைக் கொழுந்து ஒரு நாளைத் தாண்டித் தாங்காது. ஏப்ரல், மே மழையில் கொழுந்து அள்ளிக் கொட்டும், கச்சானில் சுருங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை ஏந்திக்கொள்ளக் களஞ்சியம் கிடையாது. பின் எது ஏந்தியது? தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்த ஆள்படைதான். கோப்பிக்கு வந்து போனவர்கள் தேயிலைக்குக் குடும்பத்தோடு தங்கவைக்கப்பட்டார்கள். லயம் ஸ்டோரைச் சுற்றி எழுந்தது. தேயிலையை ஆண்டு முழுவதும் பறிக்கிறார்கள், அதனால்தான் தங்க நேர்ந்தது, ரோலருக்கு இடுவதற்கும் லயத்துக்கும் முடிச்சுப் போடாதே என்று ஒருவர் சொல்லலாம். பாதி சரி. வாரத்துக்கொரு முறையோ பத்து நாளுக்கொரு முறையோ செடியைப் பறித்தே ஆகவேண்டும், தவறினால் கொழுந்து முற்றிவிடும். ஆனால் ஒரு நாளில் மூன்று தரம் நிறுவை வைத்து அன்றைய கொழுந்தை அன்றிரவே வாட்ட வேண்டும், விடியுமுன் உருட்ட வேண்டும் என்ற அவசரம் பறிப்பிலிருந்து வரவில்லை. பறித்தது காத்திருக்காது என்பதிலிருந்தும், ரோலர் குறையாகவும் ஓடக்கூடாது நிரம்பி வழியவும் கூடாது என்பதிலிருந்தும் வந்தது. கொழுந்து கூடிய நாளில் ஞாயிறன்றும் ஆட்கள் கைக்காசுக்கு மலையேறினார்கள்; குறைந்த நாளில் நிறுவை எட்டாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, விழுந்தது. இயந்திரத்துக்குள் கிடைத்த சீர், செக்ரோல் எனும் பெயர்ப் பதிவேட்டில் சீரின்மையாகப் பதிவானது.

இன்று சிக்கல் மறுபக்கம் திரும்பியிருக்கிறது. செடிகள் முதிர்ந்து, ஆட்கள் நகரங்களுக்குப் போய், விளைச்சல் சரிந்தபின் பல ஸ்டோர்களின் ரோலர்களை நிரப்பும் அளவுக்குக் கொழுந்தே வருவதில்லை. ஒரு தோட்டத்து ஸ்டோரைப் பூட்டி, கொழுந்தை லொறியில் அடுத்த தோட்டத்துக்கு ஏற்றுகிறார்கள். சிற்றுடைமையாளரிடம் வாங்கிய கொழுந்தும் சேர்கிறது. வெவ்வேறு மலையின், வெவ்வேறு நேரத்துக் கொழுந்து ஒரே தொட்டியில் வாடுவதால் பழைய கலவைச் சிக்கல் இன்னும் கடினமாகியிருக்கிறது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாயாக வர்த்தமானியில் வந்தபோது, பல தோட்டங்களில் ஒரு பேருக்கான கிலோவும் கூடவே உயர்ந்தது. எட்டாதவர்களுக்கு அரைப்பேர் எழுதப்பட்டது. ரோலர் குறையாக ஓடுவதன் நட்டத்தைத் தராசில் கிலோவைக் கூட்டி ஈடுகட்டப் பார்ப்பது புதிய யோசனையல்ல. முந்நூறு கிலோ கேட்கும் பெட்டிக்குப் பதிலாக வருகிற கொழுந்துக்கேற்ற சிறிய ரோலர் போடலாமே என்ற கேள்வி மட்டும், அதற்கு முதல் வேண்டும் என்பதால், கணக்கில் ஏறுவதில்லை.