இடியாக வந்த புலவர்

ஜப்பானின் கியூஷு தீவில், ஃபுகுவோகா நகருக்கு அருகே டசாய்ஃபு தென்மாங்கு என்னும் ஷிண்டோ ஆலயம் இருக்கிறது. வாயிலருகே படுத்திருக்கும் வெண்கல எருதின் தலை, அறிவு வேண்டித் தடவியோர் கைபட்டுப் பளபளக்கிறது. 1591-இல் எழுந்த முதன்மை மண்டபத்தின் முன்னே ஒரு பிளம் மரம். எருதும் மரமும் ஒரு மனிதரின் கதையை நமக்குச் சொல்கின்றன.

சுகவாரா நோ மிச்சிசானே (845–903) அறிஞர் குடும்பத்தில் பிறந்தவர். சீன மொழிக் கவிதையில் வல்லவர். குலமே பதவியை முடிவு செய்த ஹெயான் காலத்தில், கல்வியால் வலது அமைச்சர் பதவிவரை உயர்ந்தார். ஃபுஜிவாரா குலத்தவர்க்கு இது பொறுக்கவில்லை. பேரரசரை அரியணையிலிருந்து மாற்றச் சதி செய்தார் என்ற பழியைச் சுமந்து, 901-இல் டசாய்ஃபுவிற்கு அனுப்பப்பட்டார். பெயருக்கு ஒரு பதவி. உண்மையில் அது நாடுகடத்தலே. இரண்டே ஆண்டுகளில் அங்கேயே மறைந்தார்.

கியோட்டோ வீட்டில் அவர் விடைபெற்றுப் பாடிய பிளம் மரம், பிரிவாற்றாமல் ஒரே இரவில் பறந்து வந்ததாம். அவர் உடலைச் சுமந்த வண்டியின் எருது வழியில் படுத்து எழ மறுத்ததாம். அவ்விடமே கல்லறையாகி, அதன்மேல் ஆலயம் எழுந்தது என்பது மரபு.

தலைநகரின் நினைவுகளோ அச்சம் மிகுந்தவை. 909-இல் எதிரி ஃபுஜிவாரா நோ தோகிஹிரா இளவயதில் இறந்தார். 923-இல் பட்டத்து இளவரசர் மாண்டார். அவ்வாண்டே மிச்சிசானேயின் பழைய பதவியை அரசவை மீட்டளித்தது. ஆயினும் 930-இல் அரண்மனை மண்டபத்தில் இடி விழுந்து அரசவையினர் சிலர் உயிரிழந்தனர். பேரரசர் தைகோவும் அவ்வாண்டே காலமானார். இடியை ஏவியவர் மிச்சிசானேயே என்று நம்பினர். 947-இல் கியோட்டோவின் கிதானோவில் அவருக்கு ஆலயம் அமைந்தது. 993-இல், இறந்து தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, நாட்டின் தலைமை அமைச்சர் பதவியும் அளிக்கப்பட்டது.

நீதிமன்றம் கூடியன்று, அச்சம் மேலிட்டே அரசவை தன் தீர்ப்பைத் திருத்தியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். காலப்போக்கில் அந்த அச்சம் கரைந்தது. எதோ காலத்துத் திண்ணைப்பள்ளிச் சிறுவர்கள் அவரைத் தென்ஜின் என்னும் கல்வித் தெய்வமாகக் கொண்டாடினர். இன்றும் தேர்வெழுதுவோர் சிறு மரப்பலகைகளில் தம் வேண்டுதலை எழுதி ஆலயத்தில் தொங்கவிடுகின்றனர். கல்வியால் உயர்ந்து, அவ்வுயர்வாலேயே வீழ்ந்தவரிடம் அவர்கள் கேட்பதும் கல்வியால் வரும் உயர்வைத்தான்.