ஒல்லாந்தரின் கொப்பி, ஆபிரிக்காவின் அசல்

2010ஆம் ஆண்டு கானா அரசாங்கம் சந்தைகளுக்குள் ஒரு செயலணியை இறக்கியது. போலித் துணிகளைத் தேடிப் பறிப்பதுதான் அதன் வேலை. பறித்தவற்றை எரித்தார்கள். உள்ளூர் ஆலைத் தொழிலாளர்களின் சங்கங்கள் இப்படி ஒரு நடவடிக்கையைக் கேட்டுக்கொண்டே இருந்தவை. சந்தையில் துணி விற்ற பெண்களுக்கோ போட்ட முதல் சாம்பலானது.

எரிந்தது வக்ஸ் துணி. கடும் மஞ்சள், நீலம், சிவப்பில் பறவையும் பூவும் வட்டமுமாக இருக்கும். படத்தில் பார்த்த உடனேயே 'ஆபிரிக்கத் துணி' எண்டு நாங்கள் எல்லாரும் சொல்லிவிடுவோம். அந்தத் துணியே ஒரு கொப்பியாகத்தான் பிறந்தது. போலிப் பொருள் வர்த்தகம் பற்றி வாசிக்கும்போது பெரிய இலக்கங்கள்தான் முன்னுக்கு வரும். 2021இல் அதன் பெறுமதி 467 பில்லியன் டொலர், உலக இறக்குமதியில் 2.3 சதவீதம் என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. எது அசல், எது போலி என்று யார், எந்த ஆண்டில் கோடு கீறினார்கள் என்பதை இந்த இலக்கம் சொல்லாது. அதுக்கு ஒரு துணியின் வரலாறு போதும்.

யாவாவில் இருந்து தொடங்குவோம். எங்களுக்கு ஒல்லாந்தர் எண்டால் கோட்டையும் தேசவழமையும்தான் நினைவுக்கு வரும். யாவாவில் அவர்களின் ஆட்சி எங்களுடையதை விட நீண்டது, 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் போனது. அங்கே பெண்கள் பத்திக் செய்தார்கள். செம்பு மூக்கு வைத்த சின்னக் கருவியால் உருகிய மெழுகைத் துணியில் கோடு கோடாக விடுவார்கள். மெழுகு இருக்கிற இடத்தில் சாயம் ஏறாது. பிறகு மெழுகைக் கொதிநீரில் கரைத்து எடுத்து, அடுத்த நிறத்துக்குத் திரும்ப முதலில் இருந்து தொடங்கவேண்டும். ஒரு நல்ல துணிக்கு மாதக்கணக்கும் ஆகும்.

இதை இயந்திரத்தில் செய்து யாவாக்காரருக்கே மலிவாக விற்றால் என்ன என்று ஐரோப்பிய ஆலைக்காரர் யோசித்தார்கள். 1850களில் ஒல்லாந்தின் ஹார்லெம் நகரில் பிரேவினேர் என்பவரின் ஆலை, துணியின் இரண்டு பக்கமும் பிசினை அச்சிடும் ஒரு இயந்திரத்தை உருவாக்கியது. மெழுகுக்குப் பதில் பிசின். ஆனால் பிசின் காய்ந்ததும் வெடித்தது. வெடிப்புகளுக்குள் சாயம் இறங்கி, துணி முழுக்க நரம்பு நரம்பாகக் கோடுகள் விழுந்தன. யாவாவில் இதைக் கைப்பிழையாகத்தான் பார்த்தார்கள். போதாக்குறைக்கு அங்குள்ளவர்களும் 'சாப்' எனும் செம்பு அச்சால் மெழுகு ஒற்றத் தொடங்கி (எங்கட 'சாப்பா'வுக்கு உறவான சொல்தான்) தங்கள் விலையைக் குறைத்துவிட்டார்கள். கொப்பி தோற்றது.

தோற்ற சரக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேற்கு ஆபிரிக்காவுக்கு, முக்கியமாக இன்றைய கானாவான தங்கக் கரைக்குப் போனது. 1831க்கும் 1872க்கும் இடையில் ஒல்லாந்தர் அந்தப் பக்கத்தில் இருந்து ஏறக்குறைய 3,000 பேரைத் தங்கள் கிழக்கிந்தியப் படைக்குச் சேர்த்தார்கள், ஊர் திரும்பிய அந்தச் சிப்பாய்கள் கொண்டுவந்த பத்திக் துணிகளில் இருந்துதான் மோகம் தொடங்கியது என்று ஒரு கதை இருக்கிறது. கேட்க நல்ல கதை. ஆனால் வக்ஸ் துணி பரவியது படைச்சேர்ப்பு நின்று கனகாலத்துக்குப் பிறகு என்பதால் எங்களுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஐரோப்பிய வியாபாரிகள் கரையோரப் பெண்களிடம் கேட்டுக் கேட்டு, அவர்கள் ருசிக்கு ஏற்ப நிறத்தையும் கோலத்தையும் மாற்றினார்கள் என்பதுதான் கூடுதலாகப் பொருந்துகிறது. யாவாவில் பிழையாக இருந்த வெடிப்பு அங்கே அழகாயிற்று. ஒரு துணியில் விழுந்த கோடு இன்னொன்றில் அப்படியே விழாது, அதுதான் விசயம்.

இன்று இந்தத் துணியின் 'அசல்' என்று சொல்லப்படுவது 1846இல் ஒல்லாந்தின் ஹெல்மொண்ட் நகரில் வான் விளிசிங்கன் குடும்பம் தொடங்கிய விளிஸ்கோ நிறுவனத்தின் சரக்கு. துணியின் விளிம்பில் 'உத்தரவாதமான ஒல்லாந்து வக்ஸ்' என்ற கருத்தில் எழுத்து ஓடும். யாவாவைப் பார்த்துச் செய்ததுக்கு ஒல்லாந்து உத்தரவாதம்! 2010இல் இந்த நிறுவனத்தை ஒரு பிரித்தானிய முதலீட்டு நிறுவனம் வாங்கியது. கானாவின் தேமா நகரில் 1960களில் தொடங்கிய ஆலை ஒன்றும் இதே குழுமத்துக்குள்தான் இருக்கிறது.

விளிஸ்கோ தன் கோலங்களுக்குக் கொடுத்தது இலக்கம் மட்டும்தான். பெயர் வைத்தவர்கள் சந்தைப் பெண்கள். கூண்டை விட்டுப் பறவை பறக்கிற ஒரு கோலத்துக்கு 'நீ வெளிக்கிட்டால் நானும் வெளிக்கிடுவன்' என்ற கருத்தில் பெயர். மனுசனுக்கு வாய் திறக்காமல் சொல்லவேண்டியதை மனுசி உடுத்துக்கொண்டு போவாள். 'என் புருசன் வல்லவன்' என்று இன்னொன்று. பெயர் பிடித்தால் துணி விற்கும், பெயர் விழாத துணி கிடக்கும். டோகோவின் தலைநகர் லோமேயில் இந்த வியாபாரத்தை நடத்திய பெண்கள் மேர்சிடிஸ் பென்ஸ் வாங்குமளவுக்கு வளர்ந்ததால் 'நானா பென்ஸ்' என்றே அழைக்கப்பட்டார்கள். குறிப்பிட்ட கோலத்தை விற்கும் தனியுரிமை அவர்களிடம் இருந்தது.

1994 ஜனவரியில் பிரெஞ்சு பிராங்கோடு கட்டப்பட்டிருந்த சிஎப்ஏ நாணயத்தின் பெறுமதி ஒரே நாளில் பாதியாக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வரும் துணியின் விலை உள்ளூர்க் காசில் இரட்டித்தது. ஆசிரியைக்கும் தாதிக்கும் எட்டிய துணி எட்டாமல் போனது. அந்த வெற்றிடத்துக்குள்தான் சீனாவில் அச்சிட்ட துணி வந்தது. அதே கோலம், விலை பல மடங்கு குறைவு. லோமேயில் பழைய நானா பென்ஸ்மார் சரிய, இளம் வியாபாரப் பெண்கள் நேரே சீனாவுக்குப் பறந்து ஓடர் கொடுத்தார்கள்.

மலிவான பிரதிகளில் பிசினும் இல்லை, வெடிப்பும் இல்லை. அந்த நரம்புக் கோடுகளையே கோலத்தின் பகுதியாக அச்சடிக்கிறார்கள். யாவாவைக் கொப்பி அடித்தபோது ஒல்லாந்தர் விட்ட பிழை, சீனக் கொப்பியில் பிழையில்லாமல் வருகிறது.

இப்படியான ஒரு கிளை தமிழ்க் கரையிலும் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் சாயத்துணி ஐரோப்பாவை வளைத்துப் போட்டிருந்தது. 1721இல் பிரித்தானியா அச்சிட்ட பருத்தித் துணியை உடுக்கவே தடைச்சட்டம் போட்டது. அதே காலத்தில் தொழில்நுட்பத்தைப் பிடிக்கவும் ஓடித்திரிந்தார்கள். கேர்தூ என்ற யேசுசபைப் பாதிரியார், தமிழ்க் கரையில் மதம் மாறிய சாயக்காரரிடம் ஒவ்வொரு படியாகக் கேட்டறிந்து 1742இல் பிரான்சுக்குக் கடிதம் எழுதினார். இன்றைக்கு இதைத் தொழில் இரகசியத் திருட்டு என்பார்கள். பிறகு, மேற்கு ஆபிரிக்காவில் விற்பட்ட எங்கள் கட்டம் போட்ட துணியை மன்செஸ்டர் ஆலைகள் நெய்து விற்றன. சென்னைப் பக்கத்துத் துணிக்கு 'ரியல் மட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்' என்று வியாபாரப் பெயர். 'ரியல்' என்று சொல்லவேண்டி வந்ததென்றால் ரியல் இல்லாதது சந்தையில் எவ்வளவு இருந்திருக்கும்!

வணிகச் சின்னத்தையும் தொழிற்துறை வடிவத்தையும் நாடுகளுக்கிடையில் பாதுகாக்கும் பாரிஸ் உடன்படிக்கை 1883இல் வந்தது. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. சோழமண்டலச் சாயக்காரரும் யாவாப் பெண்களும் இழந்தது இவற்றுக்கு முதல். அவர்களின் கோலம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதனால் அவர்களிடம் எடுத்தது 'புத்தாக்கம்', பதிவேடு வந்த பிறகு எடுப்பது 'போலி'. 2009இல் இந்தோனேசிய பத்திக்கை யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அது மரியாதை, வருமானத்தில் பங்கு கேட்கும் உரிமை இல்லை.

இவ்வளவையும் வாசித்துவிட்டு 'அப்ப சீனாக்காரன் செய்வது சரிதானே, ஐரோப்பாவுக்கு இது வேணும்' என்று துள்ளுவது சுலபம். நாங்கள் அதில் சேரமாட்டோம். கானாவின் துணித் தொழிலில் 1970களில் 25,000 பேரளவில் வேலை செய்தார்கள். 2005இல் 3,000க்கும் குறைவு. இதுக்குக் கொப்பி மட்டும் காரணமில்லை. 1980களில் இறக்குமதி திறந்துவிடப்பட்டது, வெளிநாட்டுப் பழைய உடுப்பு வந்து குவிந்தது. ஆனாலும் தேமாவில் வேலை இழந்தவர் யாவாவில் எதையும் திருடியவர் அல்லர். இங்கே இரண்டு விசயத்தைப் பிரித்துப் பார்க்கவேணும். சீனப் பெயரைப் போட்டுப் பழைய கோலத்தை மலிவாக விற்பது ஒன்று. கானா ஆலையின் பெயரையும் லேபலையும் ஒட்டி விற்பது வேறொன்று. முதலாவதில் வாங்குகிறவருக்குத் தான் என்ன வாங்குகிறேன் என்று தெரியும். இரண்டாவது சும்மா ஏமாற்று. செயலணி எரித்த குவியலில் இரண்டாவது வகைக்காகப் புகையைக் கண்டு நாங்கள் கவலைப்படமாட்டோம். ஆனால் அச்சடித்தவன் கடலுக்கு அப்பால் இருக்க, நெருப்பு வந்தது கடைசியாக வாங்கி விற்ற பெண்ணின் கடைக்கு.

கானா தன் பங்குக்கு கென்டே நெசவு, அடிங்ரா குறிகள் போன்றவற்றைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1985இலும் பிறகு 2005இலும் வந்த பதிப்புரிமைச் சட்டங்கள் மரபுக் கோலங்களின் உரிமையை அரசாங்கத்திடம் கொடுத்தன. நெய்கிற ஊரிடம் இல்லை, அரசாங்கத்திடம். வக்ஸ் துணிக்கு அதுவும் பொருந்தாது. அதன் கோலம் ஹெல்மொண்டில் கீறியது, உரிமையும் அங்கே. சந்தைக்கு வருகிறவர் இன்றும் இலக்கத்தைச் சொல்லிக் கேட்பதில்லை. 'நீ வெளிக்கிட்டால் நானும் வெளிக்கிடுவன்' இருக்கா என்றுதான் கேட்பார். ஒல்லாந்துத் துணிக்கும் அந்தப் பெயர்தான், சீனத் துணிக்கும் அந்தப் பெயர்தான். அந்தப் பெயரை முதலில் வைத்த பெண் யார் என்று இரண்டின் விளிம்பிலும் அச்சிடப்படவில்லை.