பூக்குடலையும் மணிமுடியும்

அரியணைக்கு எவ்விதத்திலும் உரியவனல்லன் என்று நாம் எண்ணியிருக்கும் ஒருவன் கதையின் முடிவில் முடிசூடுவது புதினங்களில் புதிதன்று. எனினும், கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனில் சேந்தன் அமுதன் அரசனாகும் இடம் தனித்து நோக்கத்தக்கது. தஞ்சைக்கருகே ஊமைத் தாயுடன் வாழ்ந்து, இறைவனுக்குப் பூத்தொடுத்து வந்த இளைஞன் அவன். பூங்குழலியின் மீது கொண்ட காதலன்றி வேறு ஆசை அறியாதவன். அவனே கண்டராதித்தரின் உண்மை மகன் என்றும், அரண்மனையில் மதுராந்தகனாக வளர்ந்தவன் மாற்றி வைக்கப்பட்ட குழந்தை என்றும் கல்கி கதையை முடிக்கிறார். தமக்கென வந்த மணிமுடியை அருள்மொழிவர்மர் அமுதன் தலையில் சூட்டிவிடுகிறார்.

கல்வெட்டுகளில் இப்படி இருவர் இல்லை. உத்தம சோழன் ஒருவனே. தந்தை மறைந்தபோது அவன் சிறுவன். ஆகவே அரசு சிற்றப்பன் அரிஞ்சயனுக்கும், பின்னர் அரிஞ்சயன் மகன் சுந்தர சோழருக்கும் சென்றது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். இளைய மகன் அருள்மொழி இருக்கவும், உத்தமன் ஏறத்தாழ 970 முதல் 985 வரை ஆண்டான். குடிகள் வேண்டியும், சிறிய தந்தைக்கு விருப்பமுள்ளவரை தாம் அரசை நாடேன் என அருள்மொழி மறுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அச்செப்பேட்டை அளித்தவன் அருள்மொழியின் மகன் இராசேந்திரன் என்பதையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும். அது வென்ற கிளையின் கூற்று.

உடையார்குடிக் கல்வெட்டோ இன்னும் சங்கடமானது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது சுட்டுகிறது. ஆனால் அது இராசராசரின் 2ஆம் ஆட்சியாண்டுக்குரியது. இடைப்பட்ட ஆண்டுகளில் கொலையாளிகள் ஏன் தண்டிக்கப்படவில்லை? இக்கேள்வியால் நீலகண்ட சாஸ்திரியார் உத்தமன்மேல் ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. நாமும் பண்டாரத்தார் பக்கமே. கல்வெட்டு உத்தமன் பெயரை எடுக்கவேயில்லை. மேலும், அவன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசரின் ஆட்சியில் கோயில் காரியங்களை ஆராயும் பொறுப்பில் இருந்தான். தமையனைக் கொல்வித்தவனின் மகனுக்கு ஒரு மன்னன் இத்தகைய நம்பிக்கையை அளிப்பானா?

கல்கி இவ்வழக்கைத் தீர்த்த முறைதான் வியப்புக்குரியது. குற்றம் சாட்டப்பட்டவனையே அவர் இரண்டாகப் பிளந்துவிட்டார். பதவி ஆசையும் சிற்றரசர்களின் சூழ்ச்சிக்கு இரையாகும் பலவீனமும் பொய் மதுராந்தகனுக்குப் போயின; பட்டப்பெயரும் அரியணையும் அமுதனுக்கு வந்தன. திருவிசைப்பா பாடிய கண்டராதித்தருக்குப் பூத்தொடுக்கும் பிள்ளை பொருத்தமான வாரிசு என்பதையும் மறுப்பதற்கில்லை. மிக அழகான தீர்வு.

ஆனால் அத்தீர்வில் உத்தம சோழன் காணாமற் போனான். நம் மாணவர்களிடம் அவனைப் பற்றிக் கேட்டால், ஒரு கோழையையோ ஒரு பூக்காரனையோதான் சொல்வார்கள். முடிசூட்டோடு கதை நின்றுவிடுவதால் பதினைந்தாண்டு ஆட்சிக்கு அங்கே இடமில்லை. உண்மையில் அவன் காலத்தில்தான் செங்கற் கோயில்கள் பல அவன் அன்னையின் கையால் கற்றளிகளாயின. கோனேரிராசபுரத்தில், தன் மகனின் ஆட்சியில், தன் கணவர் பெயரால் செம்பியன் மாதேவி எடுப்பித்த கற்றளி இன்றும் இருக்கிறது. கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பமும் அதன் சுவரில் உள்ளது.