வாதக் கலையும் ஓய்வுநேர ஆசான்களும்

நூல் பல கற்றவர் அனைவரும் அவை நடுவே நின்று பேச வல்லவர் ஆகிவிடுவதில்லை. கற்றதைப் பிறர் மனங்கொள எடுத்துரைப்பது தனியொரு கலை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அவை அஞ்சாமைக்கென்று திருக்குறளில் ஓர் அதிகாரமே வகுக்கப்பட்டுள்ளது. வழக்கறிஞர் தொழிலுக்கு இவ்வுண்மை பன்மடங்கு பொருந்தும். அவையிலே புலவனுக்கு நாத் தடுமாறினால் இழுக்கு அவனுக்கே. நீதிமன்றத்தில் வக்கீலுக்கு நாத் தடுமாறினாலோ, நட்டம் அவரை நம்பி வந்த கட்சிக்காரருக்கு. ஆகவே, வாதாடும் திறனைச் சட்ட மாணவர்க்கு எவ்வாறு புகட்டுவது என்பது வெறும் கல்வித்துறைக் கேள்வி அன்று. அதற்கு முற்காலத்தார் கண்ட விடையையும், அவ்விடையைக் கைவிட்டபோதெல்லாம் நேர்ந்த விளைவையும் இங்கே சிறிது நோக்குவோம்.

இன்று நம் சட்டக் கல்லூரிகளில் நடைபெறும் மாதிரி நீதிமன்றத்தை மாணவர்கள் மூட் கோர்ட் என்றே வழங்குகிறார்கள். கூட்டம் எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். லண்டன் மாநகரில் லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என நான்கு வழக்கறிஞர் சங்கங்கள் உண்டு. இடைக்காலத்தில் அவையே சட்டம் பயிலும் இடங்களாகவும் விளங்கின. இரவு உணவு முடிந்ததும் மண்டபத்தில் மூத்த உறுப்பினர்கள் நீதிபதிகளைப் போல் அமர்வார்கள். கற்பனையாகப் புனைந்த வழக்கொன்று முன்வைக்கப்படும். இளைய மாணவர் இருவர் வழக்குரைகளை மனப்பாடமாக ஒப்பிப்பர். அவர்களுக்குச் சற்று மூத்தவர் இருவர் எதிரெதிராக வாதிடுவர். பின்னர் நீதிபதிகளாக அமர்ந்தவர்கள் தத்தம் கருத்தை உரைத்து, வாதத்தின் குற்றங்குறைகளை எடுத்துக் காட்டுவர். விடுமுறைக் காலங்களில் மூத்த வழக்கறிஞர் ஒருவர் ஏதேனும் ஒரு சட்டத்தைப் பற்றித் தொடர் விரிவுரையும் ஆற்றுவார். எட்வர்டு கோக் 1592-இல் இன்னர் டெம்பிளிலும், பிரான்சிஸ் பேக்கன் 1600-இல் கிரேஸ் இன்னிலும் இவ்வாறு விரிவுரையாற்றியவர்கள்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அங்கே முழுநேர ஆசிரியர் என்று எவரும் இல்லை. பகலில் நீதிமன்றத்தில் தொழில் புரிந்தவர்களே மாலையிலும் விடுமுறையிலும் தம் ஓய்வை ஈந்து இளைஞர்களைப் பயிற்றினார்கள். அந்த ஈகை நின்றபோது கல்வியும் நின்றது. 1642-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் இப்பயிற்சிகள் தடைப்பட்டன. 1660-இல் முடியாட்சி மீண்ட பின்னரும் அவை முன்போல் தழைக்கவில்லை. அச்சு நூல்கள் பெருகியதால், படித்தாலே போதும் என்ற எண்ணம் மாணவரிடையே வளர்ந்தது. மூத்தவர்களோ, விரிவுரையாற்றும் கடமையிலிருந்து விடுபட அபராதம் செலுத்தவும் முன்வந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் பழைய முறை ஏறக்குறைய மறைந்தொழிந்தது. மண்டபமும் மேசைகளும் விருந்தும் எஞ்சின, பயிற்சி எஞ்சவில்லை.

அதன் பயனை நம் நாட்டு வரலாறே எடுத்துக் காட்டுகிறது. காந்தியடிகள் 1888-இல் லண்டன் சென்று இன்னர் டெம்பிளில் சேர்ந்தார். பாரிஸ்டர் பட்டத்துக்குத் தேர்வுகள் சிலவற்றில் தேறுவதோடு, பன்னிரண்டு பருவங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள விருந்துகளில் கலந்துகொள்ளவும் வேண்டும். அவ்விருந்துகள் சட்டக் கல்விக்கு எவ்வகையில் உதவின என்பது தமக்கு விளங்கவில்லை என்று அவர் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். 1891 ஜூன் 10-ஆம் நாள் பாரிஸ்டரானார். தாயகம் திரும்பியபின் பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் அவருக்கு முதல் வழக்குக் கிட்டியது. கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்றார். தலை சுழன்றது, கேள்வி ஒன்றும் எழவில்லை. வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளுமாறு கூறி, பெற்ற தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அறிவும் நேர்மையும் உழைப்பும் நிறைந்த ஓர் இளைஞரை அன்று கைவிட்டது எது? எழுந்து நின்று பேசவும், பேச்சிடையே தடுக்கப்படவும், தடுமாறி மீளவும் எவரும் அவரைப் பழக்கவில்லை என்பதே அது.

இந்தியாவில் முறையான சட்ட வகுப்புகள் 1855-ஐ ஒட்டிக் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தோன்றின. சென்னைச் சட்டக் கல்லூரி 1891-இல் தனி நிறுவனமாயிற்று. நெடுங்காலம் இக்கல்லூரிகளில் பாடம் சொன்னவர்களுள் பலர் தொழில் புரியும் வக்கீல்களே. டாக்டர் அம்பேத்கர் பம்பாயில் வழக்கறிஞராக இருந்துகொண்டே 1928-இல் அரசாங்கச் சட்டக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1935 முதல் 1938 வரை அதன் முதல்வராகவும் விளங்கினார். சென்னையில் வேறொரு நல்வழக்கமும் நிலவியது. பி.எல். தேறிய இளைஞர் உடனே வழக்காட முடியாது. மூத்த வக்கீல் ஒருவரிடம் ஓராண்டு பயிற்சியாளராக இருந்து, பார் கவுன்சில் நடத்திய தேர்விலும் தேற வேண்டும். அப்பயிற்சியாளர்களுக்கு அனுபவமிக்க வக்கீல்கள் விரிவுரையாற்றுவதும் உண்டு. கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர் தொழில் ஒழுக்கத்தையும் வாதத் திறனையும் பற்றி ஆற்றிய விரிவுரைகள் நூலாக வெளிவந்து, இந்நாட்டு இளம் வக்கீல்களுக்குக் கைவிளக்காயின.

விடுதலைக்குப் பின்னர் சட்டம் பயில விரும்பியோர் தொகை பெருகிற்று. அலுவலகப் பணி முடிந்ததும் மாலை வகுப்புக்கு விரைந்தவர்களுள் மத்திய அரசு ஊழியர் பலர். வேலை தேடித் தலைநகர் சேர்ந்த தமிழர்களும் அவர்களில் உண்டு. ஆயினும் பல கல்லூரிகளில் ஆசிரியர் வருவதும், குறிப்பை வாசிப்பதும், வருகைப் பதிவு எடுப்பதுமே கல்வியென ஆயிற்று. எம். சி. சேதல்வாட் தலைமையில் அமைந்த சட்டக் கமிஷன் 1958-இல் அளித்த தன் பதினான்காவது அறிக்கையில் இந்நிலையைக் கடுமையாகக் கண்டித்தது. பகுதிநேர ஆசிரியர் மீது அன்று எழுந்த குறை நியாயமானதே. ஆனால் அவர் பகுதிநேரத்தவர் என்பதைக் காட்டிலும், அவரிடம் மட்டுமே இருந்த தொழில் அனுபவத்தை வகுப்புக்கு வெளியே வைத்துவிட்டு, எவரும் வாசிக்கத்தக்க குறிப்பை வாசித்தார் என்பதே குறைக்குக் காரணம் என நாம் கருதுகிறோம்.

1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம், தொழிலில் நுழையுமுன் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என விதித்தது. 1973-இல் நிறைவேறிய திருத்தம் அவ்விதியை நீக்கிற்று. பட்டம் பெற்றவர் அப்படியே பதிவு செய்துகொண்டு நீதிமன்றம் ஏறலாம் என்றாயிற்று. லண்டனில் பதினேழாம் நூற்றாண்டில் நேர்ந்ததை ஒத்த நிலை இங்கும் உருவாயிற்று எனலாம். ஆனால் நம் நாட்டில் அதற்கு மாற்றும் விரைவிலேயே தோன்றலாயிற்று. 1979-இல் மத்திய அரசு ஒரு விதியை வகுத்தது. தொழில் புரியும் வழக்கறிஞர், நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்படாமல், சட்டம் கற்பிக்கும் பணியையும் ஏற்கலாம் என்பதே அவ்விதி. வழக்கறிஞர் வேறு ஊதியப் பணி ஏற்பதைப் பொதுவாகத் தடுக்கும் தொழில்நெறி, கற்பித்தலுக்கு இவ்வாறு கதவைத் திறந்து வைத்தது. 1988-இல் பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி வகுப்புகளைத் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் மாதவ மேனன், இளமையில் டில்லியின் மத்தியச் செயலகத்தில் பணியாற்றியவர். செய்முறைக் கல்வியையே சட்டக் கல்வியின் உயிர்நாடியாகக் கொண்டவர்.

1998-99 கல்வியாண்டு முதல் இந்திய பார் கவுன்சில் நான்கு செய்முறைப் பாடங்களைக் கட்டாயமாக்கிற்று. அவற்றுள் மாதிரி நீதிமன்றப் பாடத்துக்கு 100 மதிப்பெண். மாணவர் மூன்று கற்பனை வழக்குகளில் எழுத்து வாதமும் வாய்மொழி வாதமும் செய்ய 30; சிவில் வழக்கு ஒன்றையும் கிரிமினல் வழக்கு ஒன்றையும் நீதிமன்றத்தில் நேரில் கண்டு குறிப்பெழுத 30; வக்கீல் அலுவலகத்திலோ சட்ட உதவி மையத்திலோ கட்சிக்காரரிடம் விவரம் கேட்கும் முறையைக் கண்டு பதிவு செய்வதற்கும், வழக்குக்கான முன்னேற்பாடுகளுக்கும் 30; நேர்முகத் தேர்வுக்கு 10.

இப்பாடத்தைப் புத்தகத்தைக் கொண்டு நடத்த இயலாது என்பது வெளிப்படை. தன் தரப்புச் சாட்சியிடம் விடையை உள்ளடக்கிய கேள்வியை வக்கீல் கேட்கலாகாது என்று சாட்சியச் சட்டம் கூறுகிறது. இதை மாணவர் ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடுவார். ஆனால் வகுப்பில் எழுந்து நின்றதும், “நீங்கள் அப்போது கடை வாசலில்தானே நின்றிருந்தீர்கள்?” என்று அவர் வாய் தானாகக் கேட்டுவிடும். எதிரே நீதிபதியாக அமர்ந்திருக்கும் வக்கீல் கையை உயர்த்தி நிறுத்துவார். “அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்று மாற்றிக் கேட்கப் பழக்குவார். குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வியோடு அமர்ந்துவிட வேண்டும், நீதிபதி குறுக்கிட்டு வினவும்போது தயாரித்து வந்த உரையை எவ்வாறு ஒதுக்கிவைத்து அவர் ஐயத்துக்கு முதலில் விடை சொல்ல வேண்டும் என்பனவெல்லாம் அன்று காலை உண்மை நீதிமன்றத்தில் நின்று வந்தவர் காட்டினால்தான் விளங்கும். தச்சனின் கைத்திறன் தச்சன் பக்கத்தில் நின்று கற்கப்படுவது போன்றதே இதுவும்.

மொழிபெயர்ப்புத் துறையைச் சார்ந்த நாம் இவ்விடத்தில் மொழியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். இங்கிலாந்தில் வழக்குகள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டுமென 1362-லேயே சட்டம் பிறந்தது. எனினும் அதன்பின் நெடுங்காலம் லண்டன் மண்டபங்களில் மாணவர் வழக்குரைகளை ஒப்பித்தது பிரெஞ்சுக் கலப்பான தொழில்மொழியிலேதான். நம் மாதிரி நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமாதலின் அதற்கும் தேவை உண்டு. ஆனால் எளியவர் முதலில் ஏறும் படி கீழ்நீதிமன்றத்தின் படி. அங்கே மராத்தியோ ஹிந்தியோ கன்னடமோ வழங்குகிறது. பிழைப்புக்காக வேற்று மாநிலம் சென்ற தமிழ்த் தொழிலாளி அங்கே சாட்சியாகவோ குற்றஞ்சாட்டப்பட்டவராகவோ நிற்கும்போது, அவர் சொல்லும் ஒரு வினைமுற்றில் வழக்கே திரும்பக்கூடும். “அடித்தேன்” என்பதற்கும் “அடிக்கப் போனேன்” என்பதற்கும் உள்ள தொலைவு, சில வேளைகளில் சிறைக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவு. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்படின், அதை அவருக்குப் புரியும் மொழியில் நீதிமன்றத்திலேயே விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அவ்வுரிமையை எழுந்து நின்று கேட்க வக்கீலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்சிக்காரர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு அறியவும் அவர் பயின்றிருக்க வேண்டும்.

ஆதலின், வேற்று மாநிலங்களில் சட்டம் பயிலும் தமிழ் இளைஞர்கள் மாதிரி நீதிமன்றத்தில் கோப்பை வெல்வதோடு அமையாது, சட்ட உதவி மையத்தில் அமர்ந்து எளியோர் குறையைக் கேட்கும் பயிற்சியையும் அதே ஆர்வத்துடன் மேற்கொள்ளல் வேண்டும். இரு மொழிகளை வீட்டிலும் தெருவிலும் கற்ற அவர்களுக்கு அங்கே தனிச் சிறப்பு உண்டு. அந்நகரங்களில் தொழில் புரியும் தமிழ் வழக்கறிஞர்களையும் நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. கற்பிப்பதற்கென நாளுக்கு மூன்று மணி நேரத்தை விதி அனுமதித்திருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரத்தையேனும் அருகிலுள்ள சட்டக் கல்லூரிக்கு அளிப்பார்களாயின், அந்த ஒரு மணியில் தடுமாறித் தேறும் மாணவர், பிற்காலத்தில் ஏழை ஒருவருக்காகத் தடுமாறாமல் எழுந்து நிற்பார்.