சிலிகான் எண்ணெய்: விழித்திரை அறுவையின் பின்விளைவுகள்

கழன்ற விழித்திரையை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் நிரப்பப்படும் தெளிந்த திரவம் சிலிகான் எண்ணெய். 1962-இல் கண் மருத்துவர் பால் சிபிஸ் இம்முறையை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் இதனை ‘ஆரோசில்’ என்ற பெயரில் தயாரிக்கிறது. மண்ணூர், ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் உலோகத் துணுக்கு கண்ணைத் துளைத்து விழித்திரை கழன்றாலும் இது தேவைப்படலாம்.

பார்வையைக் காக்கும் இந்த எண்ணெய் நீண்ட நாள் தங்கினால் கேடு செய்யும். இயற்கை லென்ஸ் உள்ளவருக்குப் பெரும்பாலும் கண்புரை வரும். ஆனால் அதிகம் அஞ்சவேண்டியது எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறுவதே. அத்துளிகள் கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழியை அடைத்துக் கண் அழுத்தத்தை உயர்த்தும். அதனால் பார்வை நரம்பு கெடும், இழந்த பார்வை திரும்பாது. எண்ணெய் நீரைவிட லேசானது. அதனால் கண்ணின் முன்னறைக்கு வந்த துளிகள் மேற்பகுதியில் வெண்மையாகத் தேங்கும். 1000 சென்டிஸ்டோக் பாகுத்தன்மை கொண்ட எண்ணெய் 5000 கொண்டதைவிட எளிதில் சிதறும். எண்ணெய் கருவிழியைத் தொடர்ந்து தொட்டால் அதில் சுண்ணாம்புப் பட்டை படியும். லென்ஸ் இல்லாத கண்ணில் இதைத் தவிர்க்க ஐரிஸின் அடிப்பகுதியில் துளையிடுவர். 1985-இல் கண் மருத்துவர் ஆண்டோ விளக்கிய முறை அது.

வழக்கமாக 3 முதல் 6 மாதங்களில் எண்ணெய் அகற்றப்படும். அதன்பின் விழித்திரை மீண்டும் கழல்வதும் உண்டு. வலி இல்லை என்பதற்காக எண்ணெய் நிரப்பிய கண்ணின் பரிசோதனையை யாரும் தள்ளிப்போடக் கூடாது.