குளிக்கக் கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் ஓடும் நாய் - என்ன செய்யலாம்?

தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டாலே போதும். சில நாய்கள் காணாமல் போய்விடும்.

தேடிப் பிடித்து, தூக்கிக்கொண்டு போய், கதவைச் சாத்தி... குளியல் முடிவதற்குள் வீடே ரெண்டுபட்டுவிடும்.

"ரொம்பப் பிடிவாதம்" என்று நாயைத் திட்டுவதுண்டு. பெரும்பாலும் அது பிடிவாதம் அல்ல, பயம். திட்டினால் கூடும், பழக்கினால் குறையும்.

ஏன் இந்தப் பயம்?

வீவக வீட்டுக் குளியலறையை நாயின் இடத்திலிருந்து பாருங்கள்.

- ஈரமான டைல்ஸ் தரை. நாலு காலும் வழுக்கும்.
- சின்ன அறை. கதவைச் சாத்தினால் தப்பிக்க வழியில்லை.
- சுவரில் எதிரொலிக்கும் ஷவர் சத்தம்.
- நமக்கு 'கமகம' என்றிருக்கும் ஷாம்பூ வாசனை, நாயின் மூக்குக்குக் கடும் நெடி.

ஒருமுறை வழுக்கி விழுந்தாலோ கண்ணில் ஷாம்பூ பட்டாலோ நாய் அதை மறக்காது. அடுத்த முறை குளியலறை வாசலிலேயே நடுக்கம் தொடங்கிவிடும்.

வெளியில் வளர்ந்து மீட்கப்பட்ட நாய்களுக்கு இது இன்னும் சிரமம். 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' எனப்படும் உள்ளூர்க் கலப்பின நாய்களை வீவக வீடுகளில் வளர்க்க வழிசெய்யும் 'அடோர்' திட்டம் 2012இல் தொடங்கியது. அப்படி வீட்டுக்கு வரும் சில நாய்களுக்குக் குளியலறையே புதிது.

பயந்திருப்பது எப்படித் தெரியும்?

உறுமுவதற்கு முன்பே நாய் சொல்லிவிடும்.

- பசியில்லாமலேயே உதட்டை நக்கும்
- தூக்கமில்லாமலேயே கொட்டாவி விடும்
- வாலைக் கால்களுக்கு இடையில் ஒடுக்கிக்கொள்ளும்
- காதுகளைப் பின்னால் மடக்கும்
- கண்ணின் வெள்ளைப் பகுதி பிறைபோலத் தெரியும்

"அசையாம நிக்குதே, பழகிடுச்சு போல" என்று நினைத்துவிட வேண்டாம். பயத்தில் உறைந்துபோயும் நிற்கலாம். அப்போது அழுத்திப் பிடித்தால் சாதுவான நாயும் கடிக்கக்கூடும்.

முதல் சில நாள்: தண்ணீரே வேண்டாம்

குளியலறையில் நல்லதும் நடக்கும் என்று நாய்க்குப் புரியவேண்டும்.

முதலில் கதவைத் திறந்து வைத்து, காய்ந்த தரையில் ரப்பர் விரிப்பைப் போடுங்கள். பிடித்த தின்பண்டத்தை அங்கே கொடுங்கள். தின்றுவிட்டு வெளியே ஓடினால் ஓடட்டும்.

அடுத்து, நாய் தின்னும்போது குழாயை மெல்லத் திறந்து மூடுங்கள். அதுக்கும் பழகியதும் ஈரத் துணியால் காலைத் துடைத்துப் பாருங்கள். பிறகு பாதத்தில் மட்டும் தண்ணீர்.

எந்தக் கட்டத்தில் நாய் பின்வாங்குகிறதோ, அதற்கு முந்திய கட்டத்துக்குத் திரும்புங்கள். சில நாய்களுக்கு ஒரு வாரம் போதும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

குளியல் நாளன்று

1. முதலில் முடியைச் சீவுங்கள். சிக்கு, நனைந்தால் இன்னும் இறுகும்.

2. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். நாயின் உடல் வெப்பநிலை சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ்; தண்ணீரின் சூடு அதைத் தாண்டவேண்டாம். உங்கள் மணிக்கட்டில் ஊற்றிப் பாருங்கள்.

3. ஷவருக்குப் பதில் குவளை. காலில் தொடங்கி முதுகுக்குப் போங்கள். தலையில் ஊற்றவேண்டாம், முகத்தை ஈரத் துணியால் துடைத்தாலே போதும். காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது.

4. சுவரில் கொஞ்சம் பீனட் பட்டர் தடவிவிட்டால் நாய் நக்கிக்கொண்டே நிற்கும். ஆனால் ஸைலிட்டால் எனும் இனிப்பூட்டி நாய்க்கு நஞ்சு. வாங்கும்முன் டப்பாவில் படித்துப் பாருங்கள்.

5. நாய்களுக்கான ஷாம்பூவையே பயன்படுத்துங்கள். நம் தோலின் அமிலத்தன்மை வேறு, நாயின் தோலுக்கு வேறு. நம் ஷாம்பூ அதன் தோலை வறட்சியாக்கி அரிப்பைக் கொடுக்கலாம். ஷாம்பூ கொஞ்சமும் தங்காதபடி நன்றாக அலசுங்கள்.

6. நம்ம ஊர் ஈரப்பதத்தில் முடி அடர்ந்த நாய் சீக்கிரம் காயாது. அடிமுடி ஈரமாகவே இருந்தால் தோலில் புண்ணோ பூஞ்சையோ வரலாம். துண்டால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு அருகில் விடுங்கள். ஹேர்டிரையர் சத்தத்துக்கும் தனியாகப் பழக்கவேண்டும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

தோல் பிரச்சினை இல்லாத பல நாய்களுக்கு மாதம் ஒருமுறை போதும். மழையில் நடந்துவிட்டு வந்தால் காலைத் துடைத்துவிட்டாலே சரி. உண்ணிக்காகத் தோலில் மருந்து விட்டிருந்தால், எப்போது குளிப்பாட்டலாம் என்பதை அதன் உறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் எப்போது?

இத்தனை நாள் சமர்த்தாகக் குளித்த நாய் திடீரென மறுக்கிறதா? வலியாக இருக்கலாம். வயதான நாய்க்கு மூட்டுவலியால் வழுக்கும் தரையில் நிற்க முடியாமல் போகும். காதுத் தொற்றோ தோல் புண்ணோ இருந்தாலும் தண்ணீர் பட்டால் எரியும். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எவ்வளவு பழக்கியும் நாய் நடுங்கினால், கடிக்க வந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை ஈரத் துணியால் துடைத்துச் சமாளிக்கலாம். ஒரு குளியல் தள்ளிப்போவதால் நாய்க்கு ஒன்றும் ஆகிவிடாது.